பத்தாம் வகுப்புக்கு இணையத்தில் டியூஷன்: முதல் வீடியோவிலிருந்து முதல் பேட்ச் வரை

ரீல்ஸ் பார்ப்பது பிள்ளை. ஃபீஸ் கட்டுவது அம்மாவோ அப்பாவோ. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்கத் தெரியாமல்தான் இணைய டியூஷன் தொடங்குகிற பலர் ஆறு மாதத்தில் சோர்ந்து விடுகிறார்கள். வீடியோவுக்கு ஆயிரக்கணக்கில் பார்வை வந்திருக்கும், வகுப்பில் நாலு பேர்கூடச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அருப்புக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் நடந்துகொண்டிருந்த டியூஷனும் நின்றுபோனது. அப்போது போனில் தொடங்கிய பத்தாம் வகுப்புக் கணக்கு வகுப்பு இன்றுவரை நடக்கிறது. அதே வேலையைப் புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சமச்சீர் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

தொடங்கும் முன்

நீங்கள் இப்போது ஏதாவது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறீர்களா? அப்படியென்றால் நின்று யோசியுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, ஆசிரியர் எவரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. 'ஆன்லைன்தானே, யாருக்குத் தெரியப் போகிறது' என்று தொடங்கி, சேனல் வளர்ந்த பிறகு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள். இலவசமாகப் பாடம் நடத்தி வீடியோ போட ஆசை இருந்தால் துறையின் அனுமதி பற்றி முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் பட்டதாரிகள், கல்லூரி முடித்த இளைஞர்கள் ஆகியோருக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது, ஒரே வகுப்பு, ஒரே பாடம். 'ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அனைத்துப் பாடங்களும்' என்று போர்டு வைப்பது தெருமுனை டியூஷனுக்குச் சரி. நடந்து வருகிற தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். இணையத்தில் தமிழ்நாடு முழுவதும் உங்கள் தெருதான். அங்கே 'பத்தாம் வகுப்புக் கணக்கா, அந்த மிஸ்கிட்ட கேளு' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்கிற அளவுக்கு ஒரு விஷயத்தில் பெயர் எடுக்க வேண்டும்.

முதல் பத்து வீடியோ

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

புதிதாக வருகிறவர்கள் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவார்கள். 'உறவுகளும் சார்புகளும், பயிற்சி 1.1, கணக்கு 1.' ஒழுங்கான முறைதான். ஆனால் தேடி வருகிற பிள்ளைக்கு ஒழுங்கு வேண்டியிருக்காது. அதற்கு நாளைக்கு ஒரு ஸ்லிப் டெஸ்ட் இருக்கும், கை நடுங்கும்.

வினாத்தாளை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் எழுத வேண்டியது 10, ஐந்து மதிப்பெண் எழுத வேண்டியது 10. கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு: ஒன்று வடிவியல், இன்னொன்று வரைபடம். மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35. அந்தக் கடைசி இரண்டு கேள்வியை மட்டும் ஒழுங்காகப் போட்டால் 16 மதிப்பெண், தேர்ச்சிக்கு வேண்டியதில் கிட்டத்தட்டப் பாதி. கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளைகூட வடிவொத்த முக்கோணம் வரையவும், வட்டத்துக்குத் தொடுகோடு வரையவும், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் போடவும் கற்றுக்கொண்டுவிடும். அதில் சூத்திரத்தைவிடக் கைப்பழக்கம்தான் அதிகம்.

அதனால் உங்கள் முதல் பத்து வீடியோவும் இந்த 16 மதிப்பெண்ணைச் சுற்றியே இருக்கட்டும். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு படம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. காம்பஸ் ஊன்றுவது, ஸ்கேலை நகர்த்துவது, புள்ளி வைப்பது எல்லாம் மேலிருந்து எடுத்த வீடியோவில் அவ்வளவு தெளிவாகத் தெரியும். கரும்பலகையில் மர காம்பஸை வைத்துக்கொண்டு ஆசிரியர் வரையும்போது கடைசி பெஞ்சுக்குத் தெரியாத ஒன்று, போனில் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

கருவிக்கு அதிகம் செலவு வேண்டாம். கையில் இருக்கும் போன், அதை மேசைக்கு மேலே கவிழ்த்துப் பிடிக்கிற ஒரு ஸ்டாண்ட், சட்டையில் குத்துகிற ஒரு காலர் மைக், வெள்ளைத்தாள், பட்டையாக எழுதுகிற கறுப்புப் பேனா. இவற்றில் பணம் போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, மைக். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். குரல் தேய்ந்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் காலை வெளிச்சமே போதும், கை நிழல் தாளில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஹாய் ஸ்டூடண்ட்ஸ், வெல்கம் டு அவர் சேனல், மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்று அரை நிமிடம் ஓட்டாதீர்கள். முதல் வாக்கியத்திலேயே கணக்கைத் தொடங்குங்கள்: 'ஆறு சென்டிமீட்டர் ஆரம், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து ரெண்டு தொடுகோடு வரையணும். முதல்ல உதவிப்படம் போடுவோம்.' அவ்வளவுதான். பிள்ளை உட்கார்ந்துவிடும்.

தவறு செய்கிற இடத்தை வேண்டுமென்றே காட்டுங்கள். மையக்குத்துக்கோடு போடும்போது காம்பஸின் அளவு பாதிக்கும் குறைவாக இருந்தால் வில்கள் வெட்டிக்கொள்ளாது. அதைப் போட்டுக் காட்டி, அழித்துவிட்டு, சரியாகப் போடுங்கள். என் வீடியோக்களில் அதிகம் பேர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது இப்படி நான் தப்பாகப் போட்டுக் காட்டிய இடங்களைத்தான்.

திரும்ப ஓட்டிப் பார்க்க முடிவதுதான் இந்தத் தொழிலின் ஆணிவேர். அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் வேறு ஊரிலிருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கவே, 2006இல் பாடங்களை யூடியூபில் போட்டார். நேரில் சொல்வதைவிட யூடியூபில் பார்ப்பதே பிடித்திருக்கிறது என்றார்களாம் பிள்ளைகள். மூன்றாம் முறை 'புரியலை' என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளை, போனில் முப்பது முறைகூடப் பின்னால் போய்ப் பார்க்கும். அந்த வீடியோக்களிலிருந்துதான் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளம் வளர்ந்தது. விலையுயர்ந்த கேமராவோ பெரிய ஸ்டுடியோவோ அதன் தொடக்கத்தில் இல்லை.

தலைப்பை, பிள்ளை தேடுகிற விதத்தில் வையுங்கள். 'வடிவியல் செய்முறை வரைதல்' என்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளை 'டென்த் மேத்ஸ் டேன்ஜென்ட் எட்டு மார்க்' என்றுதான் தட்டும், அதுவும் ஆங்கில எழுத்தில். தலைப்பில் இரண்டு வடிவமும் இருக்கட்டும். தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா என்பதை வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலிலேயே பெரிதாக எழுதுங்கள். அதை எழுதாததால் முதல் ஆண்டில் எனக்கு வந்த கமெண்ட்டுகளில் பாதி 'மிஸ், இங்கிலீஷ் மீடியம் இல்லையா?' என்பதாகவே இருந்தது.

எந்தத் தளத்தில் எது

எல்லாத் தளத்திலும் ஒரே வீடியோவை அப்படியே போடுவது வீண் வேலை. யூடியூப் ஒரு புத்தக அலமாரி மாதிரி. இன்று போட்ட பாடத்தை அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்பும் தேடி வந்து எடுக்கும். முழுப்பாடம் அங்கே இருக்கட்டும், அத்தியாயவாரியாகப் பிளேலிஸ்ட் போட்டு வையுங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் தெருவில் போகிறவரைக் கூப்பிடுவது மாதிரி. அங்கே ஒரு ஒன் வேர்ட் கேள்வி, ஒரு குறுக்குவழி, ஒரு வழக்கமான தவறு. யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாலும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு விஷயத்தை முடிப்பதே நல்லது. வாட்ஸ்அப் பெற்றோருக்கு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வயது விஷயத்தில் கவனம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர் அங்கே பிள்ளையைத் தேடுவதில் பொருளில்லை. அவர் பேச வேண்டியது அம்மாவிடம். யூடியூபிலும் சிறு பிள்ளைகளுக்கான வீடியோ என்றால் 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தாக வேண்டும். குறித்தால் கமெண்ட் இருக்காது, புது வீடியோ வந்ததைச் சொல்லும் மணிச் சின்ன அறிவிப்பும் போகாது. அதற்குப் பயந்து பொய்யாகக் குறிக்காதீர்கள். பிள்ளைகளின் தகவலைத் திரட்டியதற்காக 2019இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்த பிறகுதான் யூடியூப் இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒன்று போடுவது என்று கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு முழுப்பாடம், அதிலிருந்து வெட்டிய இரண்டு ரீல்ஸ் போதும். தினம் ஒன்று போடுகிறேன் என்று தொடங்கி மூன்றாம் வாரம் நிறுத்துவதைவிட இது நிலைக்கும்.

போடும் நேரம் முக்கியம். நம் ஊர்ப் பல வீடுகளில் இணையம் உள்ள போன் ஒன்றுதான். அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். அதையும் பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில் ஏழு மணிக்குள் பாதி தீர்ந்திருக்கும். கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் உட்காரச் சம்மதியுங்கள்.

பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு

வீடியோ பிடித்துப் போய்ப் பிள்ளை டிஎம்மில், அதாவது தனிச் செய்தியில், வரும். 'மிஸ், கிளாஸ் எடுக்கறீங்களா? ஃபீஸ் எவ்ளோ?'

இங்கேதான் நிதானம் வேண்டும். பிள்ளையிடம் கட்டணம் பேசாதீர்கள். பிள்ளையின் எண்ணையும் வாங்காதீர்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்: 'எடுக்கிறேன்மா. அம்மாவையோ அப்பாவையோ இந்த வகுப்பு எண்ணுக்கு மெசேஜ் போடச் சொல்லு, அவங்ககிட்ட விவரம் சொல்றேன். உனக்குத் தொடுகோட்டில் எந்த இடம் புரியலைன்னு கமெண்ட்ல கேளு, பதில் போடறேன்.' பிள்ளையிடம் பாடம், பெற்றோரிடம் பணம். இந்தக் கோட்டை ஒருநாளும் தாண்டியதில்லை.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. இணையத்தில் பாடம் விற்ற, பெங்களூரைச் சேர்ந்த பைஜூஸ் நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவரை நேரில் வரச் சொன்னது. பிள்ளைகள், பெற்றோரின் தொலைபேசி எண்களைத் திரட்டி, விடாமல் கூப்பிட்டு வற்புறுத்தி விற்றதாக எழுந்த புகார்தான் காரணம். எண்களை வாங்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்குக் காரணங்கள் பல, கடனும் நிலுவையும் உட்பட. ஆனால் பெற்றோர் மனதில் 'ஆன்லைன் கிளாஸ்' என்ற சொல்லுக்கே ஏற்பட்ட சந்தேகத்தை என்னைப் போன்ற சின்ன ஆட்கள் இன்றும் தினம் சந்திக்கிறோம். முதல் போனிலேயே கேட்பார்கள்: 'ஆரம்பத்துல ஃப்ரீன்னு சொல்லிட்டு அப்புறம் அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்குவீங்களா?'

எனக்கும் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளின் எண்கள் என்று ஒரு எக்ஸெல் ஃபைலை விலைக்குத் தர வந்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. வாங்கவில்லை. உங்களுக்கும் வரும். வாங்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. இந்தக் கடமையை மீறினால் தண்டத்தொகை 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. இப்போதே அப்படிப் பழகிக்கொண்டால் பிறகு மாற்ற வேண்டியிருக்காது.

பெற்றோர் மெசேஜ் போட்டதும் நான் அனுப்பும் பதிலில் இவை இருக்கும்: என் பெயர், படிப்பு, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணி, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், மாதக் கட்டணம், இடையில் நின்றால் பணம் எப்படித் திரும்பும், பிறகு யூடியூபில் மூன்று பாடங்களின் இணைப்பு. கடைசியில் ஒரு வரி: 'முதலில் இந்த வீடியோவை நீங்களும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் சனிக்கிழமை டெமோ வகுப்பில் இருவரும் சேருங்கள்.' திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஒருமுறை நினைவூட்டுவேன், அவ்வளவுதான்.

டெமோ வகுப்பில் பாதிப் பேர் செய்யும் தவறு, தங்கள் திறமையைக் காட்டுவது. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் பிள்ளை ஒரு கணக்கைத் தானே போட்டு முடிக்கிற காட்சிதான் அவர்களுக்கு வேண்டும். 40 நிமிடத்தில் 15 நிமிடம் நீங்கள் பேசினால் போதும், மீதி நேரம் பிள்ளை வரையட்டும். முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து அம்மா எண்ணிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றிரவே சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள். என் அனுபவத்தில் அந்தத் திருத்திய தாளைப் பார்த்துத்தான் அதிகம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் எழுதக் கூடாதவை

பணம் கொடுத்து விளம்பரம் போடுவதாக இருந்தால் பெற்றோர் வயதுக்குப் போடுங்கள், 35 முதல் 50 வரை, உங்கள் மாவட்டமும் பக்கத்து மாவட்டமும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துகிற மெட்டாவே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வயது, இடம் தவிர வேறு எதை வைத்தும் விளம்பரத்தைக் குறிவைக்க விடுவதில்லை. முதல் மாதம் விளம்பரமே வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வீடியோவுக்கும் ஆளே வரவில்லை என்றால் குறை வீடியோவில் இருக்கிறது. பணம் அதைச் சரிசெய்யாது.

'செண்டம் கேரண்டி', 'நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி', 'இன்னும் இரண்டே சீட்'. இவற்றை எழுதாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தேர்ச்சிக்கோ மதிப்பெண்ணுக்கோ உத்தரவாதம் தருவதையும், இல்லாத அவசரத்தை உண்டாக்குவதையும் அது தடுக்கிறது. சாதித்த பிள்ளையின் பெயரையும் படத்தையும் போட வேண்டுமானால் முடிவு வந்த பிறகு எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் எவ்வளவு காலம் படித்தது, கட்டணம் கட்டியா இலவசமாகவா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டுதல் 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு, அதற்கு ஐம்பது பேர் என்ற கணக்கு கிடையாது.

இன்னொன்று எனக்கு மிகவும் வலிப்பது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி 'நாளைக்கு இது கட்டாயம் வரும்' என்று போடுகிற வீடியோ. பார்வை கொட்டும், உண்மைதான். அதைப் பார்த்துவிட்டு மற்றதை மூடி வைத்த பிள்ளை மறுநாள் வெளியே வந்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். கசிந்ததாகச் சொல்லப்படும் வினாத்தாள் உங்களுக்கு வந்தால் பகிராதீர்கள், திறந்து பார்த்து விடை சொல்லவும் வேண்டாம். முந்தின ராத்திரி வீடியோ போட்டே ஆக வேண்டும் என்றால், பென்சில், காம்பஸ், ஸ்கேல், ஹால் டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கப் போகச் சொல்லுங்கள்.

பிள்ளையின் பாதுகாப்பு

முதல் ஆண்டில் நான் செய்த தவறை மறைக்காமல் எழுதுகிறேன். பிள்ளைகள், பெற்றோர் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லோருக்கும் எல்லோர் எண்ணும் தெரிந்தது. இரண்டாம் மாதம் ஒரு அப்பா கூப்பிட்டார். அவர் மகளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ராத்திரியில் மெசேஜ் வருகிறது, என் குரூப்பைத் தவிர வேறெங்கும் மகளின் எண் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. 'உங்களை நம்பித்தானே போட்டோம்' என்று மட்டும் சொன்னார். அன்றே குரூப்பைக் கலைத்தேன். இப்போது அறிவிப்புகள் வாட்ஸ்அப் சேனலில் போகின்றன. அதில் இருப்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. தனிப்பட்ட விஷயம் என்றால் அம்மா எண்ணுக்கு மட்டும்.

அதன் பிறகு வகுத்துக்கொண்ட நடைமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குத் தனி எண் வைத்திருங்கள். பிள்ளையோடு தனியாக டிஎம் உரையாடல் வேண்டாம். சந்தேகத்துக்குக் கமெண்ட் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. 18 வயது நிறையாதவர்களுக்கென்று இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த டீன் கணக்குகளில், பிள்ளைகள் தாங்களே பின்தொடராதவர்கள் அவர்களுக்கு மெசேஜ் அனுப்பவே முடியாது. அந்தச் சுவரை ஏறிக் குதிக்க வழி தேடுகிறவரைப் பெற்றோர் நம்பக் கூடாது, நீங்களும் அப்படி ஒருவராக ஆகாதீர்கள். ஒருவருக்கு மட்டும் தனி வகுப்பு என்றால் பெற்றோர் அதே அறையில் இருக்கட்டும். பிள்ளையின் முகமோ குரலோ பதிவாகும் வகுப்பை யூடியூபில் போடாதீர்கள். பாடத்தை மட்டும் தனியாக எடுத்துப் போடுங்கள். கமெண்ட்டில் பிள்ளைகள் போன் நம்பரையும் பள்ளிப் பெயரையும் போடுவார்கள், தினம் ஒருமுறை பார்த்து நீக்குங்கள். அந்நியர் தொல்லை என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 இணையக் குற்றப் புகார் எண். இரண்டையும் சேனல் விவரத்தில் எழுதி வையுங்கள்.

வேறு யாரையாவது பாடம் எடுக்கச் சேர்த்தால், அவர் முதல் மூன்று வாரம் எடுக்கும் வகுப்பில் நீங்களும் உட்காருங்கள்.

கட்டணம்

கட்டணம் மாதாமாதம் வாங்குங்கள். ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பது உங்களுக்கு வசதி, பெற்றோருக்குப் பாரம். ஆட்டோ டெபிட் வேண்டாம். இலவசம் என்று சேர்த்துவிட்டுக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு குறித்து 2021 டிசம்பரிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்திருக்கிறது. யுபிஐயில் அவர்களே அனுப்பட்டும், நீங்கள் ரசீது அனுப்புங்கள். இடையில் நின்றால் மீதி நாளுக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பிக் கொடுங்கள். கோச்சிங் மையங்களுக்கு 2024 ஜனவரியில் மத்திய அரசு சொன்ன கணக்கு அதுதான். நீங்கள் சின்ன ஆளாக இருந்தாலும் அதையே கடைப்பிடியுங்கள். அப்படித் திருப்பிக் கொடுத்த வீட்டிலிருந்து எனக்கு அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு பேட்ச்சில் 15 பேர், ஆளுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். முதல் ஆண்டு இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இலவச வகுப்பு 60 நிமிடத்தில் நின்றுவிடும், ஜூமில் 40. மீட்டில் வகுப்பை 55 நிமிடமாக வைத்தால் ஆப்புக்குச் செலவே இல்லை. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வரும், டியூஷனுக்கு 18 சதவீதம். அந்த நாள் வரும்போது ஆடிட்டரைப் பார்த்தால் போதும். தமிழ்நாடு பாடநூலின் பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கி நோட்ஸ் என்று விற்காதீர்கள். புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிள்ளைக்கு அதன் இணைப்பைக் கொடுங்கள்.

பெரிதாக வளர வேண்டும் என்று ஆசை இருப்பவர்கள் ஃபிசிக்ஸ் வாலா என்ற இணையப் பாட நிறுவனத்தைப் பார்க்கலாம். அதைத் தொடங்கிய அலக் பாண்டே பிரயாக்ராஜில் பல ஆண்டுகள் யூடியூபில் இலவசமாகப் பாடம் எடுத்த பிறகுதான், 2020இல், குறைந்த கட்டணத்தில் செயலி வழியாக வகுப்பு விற்கத் தொடங்கினார். 2022இல் அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது, 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. நான் அதில் எடுத்துக்கொள்வது தொகையை அல்ல, வரிசையை. பாடம் முதலில், விற்பனை பிறகு.

ஆண்டு முழுக்க எப்படி ஓடும்

ஜூனில் பள்ளி திறக்கும்போது யாரும் வரமாட்டார்கள். மனம் தளராமல் வீடியோ போட வேண்டிய மாதங்கள் ஜூனும் ஜூலையும். ஆகஸ்டில் ஐந்தாறு பேரோடு ஒரு பேட்ச் தொடங்கலாம். காலாண்டுத் தாள் திருத்திக் கொடுத்த பிறகு கொஞ்சம் பேர் வருவார்கள். உண்மையான கூட்டம், அரையாண்டு மதிப்பெண்ணோடு பிள்ளை வீட்டுக்கு வருகிற ஜனவரியில். அப்போது வருகிற பெற்றோர் பதற்றத்தில் இருப்பார்கள். 'எப்படியாவது எண்பது வாங்க வெச்சிருங்க மிஸ்' என்பார்கள். சரி என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். அரையாண்டுத் தாளை வாங்கிப் பாருங்கள், எங்கே விட்டிருக்கிறது என்று பகுதி பகுதியாகக் காட்டுங்கள், 'இந்த இரண்டு மாதத்தில் வரைபடமும் வடிவியலும் கைக்கு வந்துவிடும், ஒன் வேர்ட் 14உம் பழகிவிடலாம், ஐந்து மதிப்பெண்ணில் அளவியலும் புள்ளியியலும் எடுக்கலாம், மற்றது பிள்ளையின் கையில் இருக்கிறது' என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

திருப்புதல் தேர்வு வாரங்களில் புதிய பாடம் எடுக்காதீர்கள், தாள் மட்டும் திருத்துங்கள். பரீட்சை நடக்கும் வாரங்களில் சேனலில் புதிதாக எதுவும் போடாமல், பழைய பாடங்களின் பட்டியலை மட்டும் மேலே பொருத்தி வையுங்கள். மே மாதம் முடிவு வருகிற காலையில் மதிப்பெண் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் நீங்களாக மெசேஜ் போட வேண்டாம். அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள். சொல்லாதவர்கள் வீட்டுக்கு மூன்று நாள் கழித்து, அம்மா எண்ணுக்கு, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளையும், அதுவரை வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.